எலும்புக்குள் ஒரு சுரங்கம்

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் டாக்டர் அருணாவுக்குக் கொஞ்சம் தயக்கம்தான். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் யாராவது கையை நீட்டுவார். "தாயி, கொஞ்சம் நாடியப் பாத்துச் சொல்லு. ரெண்டு நாளா தலை கிறுகிறுன்னு வருது."

தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று அருணா சொல்வாள். பிறகு எந்த மாதிரி என்று கேள்வி வரும்.

"ஒடம்புலேர்ந்து எடுத்த கட்டி, சதை எல்லாம் எங்ககிட்ட வரும் மாமா. அத மைக்ராஸ்கோப்புல பாத்து என்ன நோவுன்னு சொல்லணும்."

"ஓ, லேப்பா?" நீட்டிய கை மெதுவாகச் சாம்பார் சோற்றுக்குத் திரும்பிவிடும்.

திருவரங்குளத்தில் கடலை போட்டுக்கொண்டிருக்கும் அவள் அப்பா நல்லதம்பிக்கு இதில் வருத்தமே கிடையாது. "டாக்டருங்களுக்கே எம் மகதான் சொல்லணும், அவ சொன்னப்புறம்தான் அவங்க கத்தியவே எடுப்பாங்க" என்று டீக்கடையில் பெருமையடிப்பார். அம்மா திலகவதிக்குத்தான் மனசு ஆறவில்லை. "அத்தன வருசம் படிச்சியே, ஒரு ஊசியாவது போடுறியாடி?" என்று கேட்டபடி இருப்பாள்.

பேத்தாலஜி என்கிற இந்தத் துறையை அருணா விரும்பித்தான் எடுத்தாள். மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் வார்டு வார்டாக வேலை பார்த்தபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. நோயாளியின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு எழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் "சரியாயிடுமாம்மா?" என்று கேட்டால், தெரிந்த பதிலும் வாய்க்கு வராது. கூடப் படித்தவர்கள் எப்படித்தான் அத்தனை இயல்பாகப் பேசினார்களோ! ஆனால் கண்ணாடிச் சில்லு ஒன்றை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துவிட்டால் அவளுக்குச் சாப்பாட்டு நேரம்கூட நினைவிருக்காது. செல்கள் பேசாதவை. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அவை சங்கடப்படுவதில்லை.

புதுக்கோட்டையில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பேத்தாலஜி பிரிவு தரைத்தளத்தின் கடைசியில் இருந்தது. உள்ளே நுழைந்தாலே, சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்தின் நெடி கண்ணைக் கரிக்கும். அங்கே டெக்னீஷியனாக இருந்தவர் சந்தனம். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், கை மட்டும் அந்தப் பேச்சில் சேராமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துணுக்கை மருந்தில் ஊறவைத்து, நீரை வற்றவைத்து, உருக்கிய மெழுகில் பதித்துக் கட்டையாக்குவார். அதை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்துவார். நீலமும் ரோஸும் ஏற்றிக் கொடுத்தால் அதற்குப் பெயர் ஸ்லைடு. அதற்கப்புறம் அருணாவின் பாடு.

அவளுடைய பாடு இரண்டு கேள்வி. முதலாவது, இது என்ன? புற்றா, சாதாரணக் கட்டியா, அல்லது கட்டியைப் போல வீங்கி நிற்கும் வேறு ஏதாவதா? புற்றுதான் என்று முடிவானால் அடுத்த கேள்வி, இது எவ்வளவு மோசமானது? அதற்குத்தான் கிரேடு. மார்பகத்தில் வரும் புற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகச் செல்களுக்குப் பால் போகும் சின்னச் சின்னக் குழாய்களாகக் கூடி நிற்பதுதான் பிறவிப் பழக்கம். புற்றான பிறகும் அந்தப் பழக்கம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பாள். செல்லின் நடுவிலிருக்கும் உட்கரு ஒரே அளவாக இருக்கிறதா, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கிறதா என்று பார்ப்பாள். எத்தனை செல்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று பார்ப்பாள். மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டினால் கிரேடு வந்துவிடும். பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிரான கணக்கு இது. கூடக்கூடக் கவலை.

அந்தப் புரட்டாசியில் வந்த ஒரு ஸ்லைடு, முதல் கேள்வியிலேயே அவளை நிறுத்திவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எலும்பிலிருந்து எடுத்த துணுக்கு. நோயாளி கோட்டைப்பட்டினத்துச் செல்வராணி, நாற்பதைத் தொடும் வயது. எலும்பு டாக்டர் முத்துராஜ் அனுப்பியிருந்தார். எக்ஸ்ரேயில் காலெலும்பின் மேல்பகுதியில், முட்டை அளவில் காலி இடம் போல ஒரு கறுப்பு வட்டம். வயது, இடம், படம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எந்த எலும்பு டாக்டருக்கும் ஒரு பெயர்தான் நாக்கில் வரும்: ஜயண்ட் செல் ட்யூமர். எலும்பை அரிக்கும் ராட்சதச் செல்கள் நிறைந்த கட்டி. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் சும்மா விட்டால் மூட்டையே தின்றுவிடும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்க முத்துராஜ் மதுரையில் பேசி வைத்திருந்தார். பேத்தாலஜி ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

அருணா ஸ்லைடை வைத்தாள். ராட்சதச் செல்கள் இருந்தன. சாதாரணச் செல்லுக்கு ஒரு உட்கரு என்றால் இவை ஒவ்வொன்றுக்கும் பத்து, இருபது, முப்பது. படமும் சரி, ஸ்லைடும் சரி. ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்திருக்கலாம்.

எடுக்க முடியவில்லை. என்னவோ உறுத்தியது.

மறுபடி பார்த்தாள். ஜயண்ட் செல் ட்யூமரில் அந்த ராட்சதச் செல்கள் வயலில் விதை தூவியது போல எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். இங்கே அப்படி இல்லை. பழைய ரத்தம் கசிந்து துருப்பிடித்தாற்போல் பழுப்பேறிய இடங்களைச் சுற்றி மட்டும் கும்பல் கும்பலாக மொய்த்திருந்தன. நடுவில் நார் போன்ற திசு. சரி, சில கட்டிகளில் இப்படியும் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

ஓரத்தில் கட்டி முடிந்து நல்ல எலும்பு தொடங்கும் இடம். அந்த நல்ல எலும்பு நல்லதாக இல்லை. எலும்புச் சட்டம் ஒன்றின் நட்டநடுவில் அரிக்கும் செல்கள் புகுந்து, கரையான் உத்தரத்தைக் குடைவது போல நீளவாக்கில் சுரங்கம் தோண்டியிருந்தன. கட்டி தனக்குப் பக்கத்திலிருக்கும் எலும்பை நெருக்கும், தின்னும். ஆனால் கட்டிக்கு வெளியே இருக்கும் எலும்பை, உள்ளேயிருந்து யார் குடைந்தார்கள்?

"சந்தனம், இதே கட்டையில இன்னும் கொஞ்சம் ஆழமா சீவித் தாங்களேன்."

"ஏம்மா, நெறம் சரியா ஏறலையா?"

"நெறமெல்லாம் அருமையா இருக்கு. எனக்குத்தான் புத்திக்கு ஏற மாட்டேங்குது."

சந்தனம் சிரித்துக்கொண்டே மெழுகுக் கட்டையை எடுத்துப் போனார். புதிதாகச் சீவிய ஸ்லைடுகளிலும் அதே சுரங்கம். அங்கொன்று இங்கொன்றாக.

மத்தியானம் முத்துராஜ் போனில் வந்தார். "மேடம், அந்தக் கோட்டைப்பட்டினத்து அம்மா கேஸு. ஜயண்ட் செல் ட்யூமர்தானே? கிரேடு ஏதாச்சும் போடுவீங்களா?"

"ஜயண்ட் செல் நெறைய இருக்கு சார். ட்யூமர்தானான்னு தெரியல. பேரே முடிவாகாம கிரேடு எப்படிப் போடுறது?"

"படத்தப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். ஜயண்ட் செல் ட்யூமர்னா மூட்டோட விளிம்பு வரைக்கும் வந்து முட்டிக்கிட்டு நிக்கும். இது கொஞ்சம் கீழேயே நின்னுருச்சு. பக்கத்து எலும்பும் அரிச்சுப் போயிருக்கு சார். அவங்களுக்கு ரத்தத்துல கால்சியம் பாத்தாச்சா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்குற டெஸ்ட்ல அது வராதே." முத்துராஜ் விஷயம் புரிந்தவர். "பாராதைராய்டு சுரப்பிக் கோளாறுன்னு நெனைக்கிறீங்களா?"

"நெனைக்கிறேன். நிச்சயமில்ல."

"அப்ப அந்த அம்மாவ ஒரு தடவ நீங்களே பாத்துடுங்களேன். வார்டுலதான் இருக்காங்க."

போனை வைத்த பிறகு அருணா கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே இருந்தாள். வார்டுக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது? பயிற்சிக்கு வரும் ஒரு மாணவியை அனுப்பிக் கேட்டுவரச் சொல்லலாம். ஆனால் என்ன கேட்பது என்று அவளுக்கே முழுதாகத் தெரியவில்லை. ஒரு பதிலிலிருந்துதான் அடுத்த கேள்வி வரும். அந்தச் சுரங்கத்தைத் தோண்டியது யார் என்று தெரியாமல் அன்றைக்கு வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது என்பது மட்டும் தெரிந்தது. கூச்சத்தைவிட அது பெரிதாக இருந்தது. எழுந்து மாடியேறினாள்.

செல்வராணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் அவள் கணவர் சவரியப்பன். விசைப்படகில் போகிறவர். வெயிலும் உப்புக்காற்றும் முகத்தைக் கறுக்க வைத்திருந்தன. அருணா கட்டிலருகே போய் நின்றாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

செல்வராணியே பேசினாள். "நீங்க எந்த டாக்டரும்மா? வாறவங்க எல்லாரும் காலத்தான் அமுக்கிப் பாக்குறாங்க. நீங்க கால ஏறெடுத்தும் பாக்கல."

"ஒங்க காலுக்குள்ள இருந்தத நான் பாத்துட்டேன்மா. கீழ மைக்ராஸ்கோப்புல. அதான் ஒங்களையும் பாக்கலாம்னு வந்தேன்."

"அட!" செல்வராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எப்படி இருக்கு அது?"

அருணாவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. யாரும் இப்படிக் கேட்டதில்லை. நல்லதா கெட்டதா என்றுதான் கேட்பார்கள். வழக்கமான அந்தத் தடுமாற்றம் அன்று வரவில்லை.

"இன்னும் முழுசாப் புடிபடல. அதான் சில விசயம் கேக்கணும். இதுக்கு முன்னாடி ஒடம்புக்கு வேற என்னென்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருந்தேன்" என்றாள் செல்வராணி.

"எங்கிட்டு நல்லா இருந்தா?" என்று சவரியப்பன் குறுக்கிட்டார். "போன வருசம் கல்லடைப்புன்னு புழுவாத் துடிச்சா. வாழைத்தண்டு வாங்கியாந்தே எனக்குக் கால் தேஞ்சு போச்சு."

"அது கல்லுதானே, காலுக்கும் அதுக்கும் என்ன?" என்றாள் செல்வராணி.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்று அருணா அருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தண்ணி நெறைய குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறதா? கொடத்தோட கவுத்துவா" என்றார் அவர்.

ஒவ்வொன்றாக வந்தது. தாகம். ராத்திரியில் திரும்பத் திரும்ப எழுந்து போவது. வயிற்றில் எரிச்சல். மலச்சிக்கல். காலையில் எழுந்தால் உடம்பு முழுக்க அடித்துப் போட்டது போன்ற வலி. செல்வராணி கரையில் மீன் எடுத்து அறந்தாங்கிக்குப் பஸ் ஏறிப் போய் விற்கிறவள். முன்பெல்லாம் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டால் பேசிக்கொண்டே நடப்பாள். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

"மறதி வேறம்மா" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "வஞ்சிரம் கேட்டவங்களுக்குப் பொடி மீனு, சூடைய அள்ளிப் போட்டுக் குடுத்துட்டேன். அவங்க திரும்பி வந்து சண்ட. எனக்கா ஒண்ணும் வெளங்கல. அழுகையா வந்துச்சு. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அழுகை வருது. இவரு என்னய சோம்பேறின்னு சொல்றாரு."

"இப்ப எதுக்கு அதப் பேசுற?" என்று சவரியப்பன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அருணாவின் மனதில் அந்தச் சுரங்கமும் சிறுநீரகக் கல்லும் தாகமும் சூடை மீனும் ஒரே கோட்டில் வந்து நின்றன. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. "ரத்தம் கொஞ்சம் எடுக்கச் சொல்றேன். அப்புறம் கைக்கு ஒரு எக்ஸ்ரே."

"கைக்கா? எனக்குக் கால்தானேம்மா?"

"விரல் எலும்பப் பாக்கணும்."

"நல்ல ஆஸ்பத்திரி போங்க" என்றாள் செல்வராணி. "காலு வலின்னு வந்தா கையப் படம் புடிக்கிறாங்க." ஆனால் அவள் முகத்தில் பயத்தைவிட, இது எங்கே போய் முடியும் என்கிற ஆவல்தான் தெரிந்தது.

மறுநாள் இரண்டும் வந்தன. ரத்தத்தில் கால்சியம் இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். விரல் எலும்புகளின் ஓரம், எலி கொறித்த காகிதம் போல அரித்திருந்தது. முத்துராஜ் படத்தைத் தூக்கிக்கொண்டு தானே கீழே இறங்கி வந்துவிட்டார். "மேடம், காலுல மட்டும் இல்ல, ஒடம்பு பூராவும் எலும்பு கரையுது!" என்றார். மதுரைக்குப் போன் போட்டு அறுவையை நிறுத்தச் சொன்னதும் அவரேதான்.

கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பச்சைப்பயறு அளவுதான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் விடுவது அவற்றின் வேலை. நான்கில் ஒன்று பெருத்துக் கட்டுப்பாடு இழந்தால், போதும் போதும் என்று உடம்பு சொன்னாலும் அது நிறுத்தாது. எலும்பைக் குடைந்து குடைந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகத்தில் அது கல்லாகிறது. மூளையில் மறதியும் சோர்வுமாகிறது. எலும்பு மிகவும் மெலிந்த இடத்தில் ரத்தம் கசிந்து, ராட்சதச் செல்கள் கூடி, பார்ப்பதற்கு அச்சு அசல் கட்டி போலவே ஒரு பழுப்பு நிற வீக்கம் உண்டாகிறது. அது கட்டியே அல்ல. மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்க்கிறவர்களை ஏமாற்றக்கூடியது.

கழுத்து ஸ்கேனில் இடது பக்கம் கீழே ஒன்று பெருத்திருப்பது தெரிந்தது. திருச்சியில் எடுத்த இன்னொரு ஸ்கேனும் அதே இடத்தைக் காட்டியது. வாரம் ஒரு முறை திருச்சியிலிருந்து வரும் அறுவை மருத்துவர் வனிதா அதை எடுத்துவிடலாம் என்றார்.

சவரியப்பனுக்கு இதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. "முட்டியில கட்டின்னு கூட்டியாந்தோம். இப்பக் கழுத்த அறுக்கணுங்கிறாங்க" என்று வராண்டாவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். முத்துராஜ் சொல்லியும் அவர் மனசு சமாதானமாகவில்லை. கடைசியில் அருணாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காலின் படத்தையும் கையின் படத்தையும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள்.

"படகுல ஒரு எடத்துல பலகை இத்துப்போச்சுன்னா அந்தப் பலகைய மாத்துவீங்க. நாலு எடத்துல இத்திருந்தா?"

"எங்கிட்டோ தண்ணி எறங்குதுன்னு அர்த்தம். மொதல்ல அத அடைக்கணும்" என்றார் அவர். சொல்லிவிட்டுப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சோம்பேறின்னு சொல்லிப்புட்டேனே" என்றார் யாரிடமும் இல்லாமல்.

அறுவை முடிந்து அந்தச் சுரப்பி ஒரு சின்ன டப்பாவில் அருணாவிடமே வந்து சேர்ந்தது. பச்சைப்பயறாக இருக்க வேண்டியது மொச்சைக்கொட்டையாக இருந்தது. இப்போது முதல் கேள்வி மறுபடி முளைத்தது. இது சாதாரணமாகப் பெருத்ததா, புற்றா? இந்தச் சுரப்பியில் செல்லின் தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சாதுவான கட்டியிலும் விகாரமான செல்கள் இருக்கும். புற்றிலும் செல்கள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். பார்க்க வேண்டியது எல்லையை. சுற்றியிருக்கும் மெல்லிய உறையைத் துளைத்து வெளியேறியிருக்கிறதா? ரத்தக்குழாய்க்குள் தலையை நீட்டியிருக்கிறதா? அருணா அந்த உறையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் வரப்பில் நடப்பது போல முழுவதும் சுற்றி வந்தாள். எங்கும் உடைப்பு இல்லை. ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த கொஞ்சம் நல்ல சுரப்பித் திசுகூடத் தெரிந்தது. சாதுவான கட்டிதான் என்று எழுதினாள். வீக்கம் கட்டியில்லை என்றும் கட்டி புற்றில்லை என்றும் ஒரே நோயாளிக்கு இரண்டு முறை எழுதியது அதுதான் முதல் தடவை.

அறுவைக்குப் பிறகு செல்வராணிக்கு உதடும் விரல் நுனியும் மரத்து ஊசி குத்துவது போல் இருந்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்த எலும்பு, ரத்தத்திலிருக்கும் கால்சியத்தை அவசர அவசரமாக இழுத்துக்கொண்டது. அதற்கும் மருந்து ஏற்றினார்கள். முழங்காலுக்கு உறை மாட்டி, ஊன்றுகோல் கொடுத்து, பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாசியில் எடுத்த படத்தில் அந்தக் கறுப்பு வட்டத்தின் விளிம்பிலிருந்து வெள்ளை உள்நோக்கி வளர்ந்திருந்தது. ஆடியில் வட்டம் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் அருணாவிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. சந்தேகமான ஸ்லைடு என்றால் அவள் வார்டுக்கு ஏறிப் போய்விடுகிறாள். இன்னமும் முதல் வாக்கியம் அவளுக்குச் சுலபமாக வருவதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். பிறகு ஏதாவது கேட்டுவிடுவாள்.

ஆடி கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் பேத்தாலஜி வாசலில் சத்தம் கேட்டது. உள்ளே யாரையும் விடக்கூடாது என்று சந்தனம் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் நோயாளியில்லங்க, பழைய நோயாளி" என்றது ஒரு பெண் குரல். செல்வராணி ஊன்றுகோல் இல்லாமல் நின்றிருந்தாள். கையில் நெத்திலிக் கருவாடு கட்டிய பை. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது.

"வாங்க, வாங்க. கால் எப்படி இருக்கு?"

"இன்னைக்கும் நீங்க கால பாக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்று சிரித்தாள் அவள். "எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நல்லாச்சுன்னு சொல்லிட்டாரு. நான் வேற ஒண்ணுக்கு வந்தேன். எம் முட்டிக்குள்ள இருந்தத நீங்க பாத்தீங்கல்ல? எனக்கும் காட்டுவீங்களா?"

சந்தனம் அருணாவைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இப்படியொரு வேண்டுகோள் அந்த அறைக்கு வந்ததில்லை. அருணா ஒரு நிமிடம் யோசித்தாள். அது செல்வராணியின் எலும்பு. அவளைவிட உரிமை யாருக்கு?

மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். செல்வராணிக்கு முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது. சந்தனம் நாற்காலியை உயர்த்தி, கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார்.

"யாத்தே!" என்றாள் அவள். "இது என்ன இம்புட்டு ரோஸா இருக்கு? பூவா?"

"அது நாங்க ஏத்துன சாயம். நடுவுல அம்புக்குறி மாதிரி ஒண்ணு தெரியுதா? அது காட்டுற எடத்தப் பாருங்க. பெரிசா ஒரு உருண்ட. உள்ள பொட்டுப் பொட்டா நெறைய."

"மீன் செனை மாதிரி இருக்கே!"

அருணா தலையைத் தூக்காமலே புன்னகைத்தாள். பாடப் புத்தகங்களில் இல்லாத வர்ணனை. ஆனால் அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. "அதான் எலும்ப அரிக்கிற செல்லு. எல்லாருக்கும் இருக்கும். பழைய எலும்ப அரிச்சாத்தான் புது எலும்பு வைக்க முடியும். ஒங்களுக்கு அது அளவு மீறிருச்சு. இப்ப ஓரத்துக்குப் போறேன், பாருங்க. இந்த ரோஸ் பட்டையா இருக்கே, அது ஒங்க எலும்பு. நடுவுல ஓட்டை போட்டுக்கிட்டுப் போகுது பாருங்க."

செல்வராணி கண்ணை எடுக்காமலே கேட்டாள். "இதப் பாத்துத்தான் மாடிக்கு வந்தீங்களா?"

"ஆமா."

"இது தெரியாமப் போயிருந்தா?"

"கால்ல ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க. கழுத்துல இருந்தது அப்படியே இருந்திருக்கும்."

அவள் தலையாட்டினாள். பிறகு, "கான்சர்னா எப்படி இருக்கும்? அதக் காட்டுங்க" என்றாள்.

பெயர் எதுவும் ஒட்டாத பாட ஸ்லைடுகள் ஒரு பெட்டியில் இருந்தன. அருணா முதலில் நல்ல மார்பகத் திசுவைக் காட்டினாள். வரிசையாகச் செல்கள் கூடிய குழாய்கள். பிறகு முதல் கிரேடு புற்று. செல்வராணி முன்னும் பின்னும் மாற்றி வைக்கச் சொல்லி இரண்டையும் ஒப்பிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு?"

"கிட்டத்தட்ட. அதான் கிரேடு ஒண்ணு. தன் பழைய வேலைய இன்னும் மறக்கல. கொஞ்சம் எடம் மாறி உக்காந்திருக்கு, அவ்வளவுதான். இப்ப இதப் பாருங்க."

மூன்றாம் கிரேடு ஸ்லைடைப் பார்த்ததும் செல்வராணி கண்ணை எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். "இதுல ஒரு ஒழுங்கும் இல்லையேம்மா. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. கொழாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தா, கறுப்பா ரெண்டா பிஞ்சுக்கிட்டு நிக்கிறது என்னது?"

"அது ஒரு செல்லு ரெண்டாப் பிரியுது."

"அப்ப வளந்துக்கிட்டே இருக்கு."

"இருந்துச்சு. அந்தக் கட்டிய எடுத்தாச்சு. அவங்களுக்கு வைத்தியமும் பண்ணியிருப்பாங்க."

"பொழச்சாங்களா?"

"தெரியலம்மா. இது வேற ஊர்லேருந்து வந்த ஸ்லைடு." சொல்லும்போதே, இதை ஒருநாளும் தான் யாரிடமும் விசாரித்ததில்லை என்பது அருணாவுக்கு உறைத்தது.

செல்வராணி அடுத்த கேள்வியைக் கேட்டாள். "நாலு சுரப்பி இருக்குன்னு சொன்னீங்க. மூணு ஒழுங்கா இருக்கையில அந்த ஒண்ணுக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?"

"செல்லுக்குள்ள ஏதோ ஒரு எடத்துல தப்பாயிருக்கும். ஆனா ஏன் ஒங்களுக்கு, ஏன் அந்த ஒண்ணுல? அது எனக்குத் தெரியாது."

"ஒங்களுக்கே தெரியாதா?"

"எனக்கு மட்டுமில்ல. பல பேருக்கு இப்படி வர்றதுக்குக் காரணம் இன்னும் யாருக்குமே சரியாத் தெரியாது."

செல்வராணிக்கு அது ஏமாற்றமாக இல்லை போலும். ஏதோ நல்ல விசயம் கேட்டவள் போலக் கண் விரிந்தது. "அப்ப இன்னும் பாக்க வேண்டியது நெறைய இருக்குன்னு சொல்லுங்க."

பன்னிரண்டே காலுக்கு அறந்தாங்கி பஸ் இருக்கிறது என்று சந்தனம் நினைவூட்டினார். அது போனால் இன்னொன்று வரும் என்றாள் அவள். பெட்டியில் இருந்த மற்ற ஸ்லைடுகளை எட்டிப் பார்த்தாள்.

"நல்ல ஒடம்போடது ஏதாச்சும் இருக்கா? எனக்குக் கல்லு வந்துச்சே, அந்தக் கிட்னி நல்லா இருந்தா எப்படி இருக்கும்?"

"இருக்கு" என்றாள் அருணா. பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தேடத் தொடங்கினாள்.